லேண்ட்மாஸ்டரின் இடது மட்கார்டு

எண்பத்தைந்தாம் வருஷம் தை மாதத்தில் அமீர் ஜானின் வாடகைக் கார் காட்டூர் வளைவில் அடிபட்டது. சவுக்குக் கட்டை ஏற்றிப்போன மாட்டுவண்டி ஒன்று திடீரென்று ரோட்டின் குறுக்கே திரும்பியது. வண்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கட்டை காரின் இடது மட்கார்டுக்குள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்தது. யாருக்கும் காயமில்லை. மாடுகள்கூட மிரளவில்லை. மட்கார்டு மட்டும் அப்பளம் போல நொறுங்கி ரோட்டில் உதிர்ந்து கிடந்தது. முன்விளக்கு ஒற்றை ஒயரில் தொங்கியது.

பழவேற்காட்டில் உப்புக்காற்று தின்னாத இரும்பு கிடையாது. அமீர் ஜான் வருஷம் தவறாமல் காருக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துவந்தார். அந்தப் பெயின்ட்டுக்கு அடியில் தகரமே மிச்சமில்லை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உதிர்ந்ததைக் கோணிப்பையில் அள்ளிக்கொண்டு மீஞ்சூர் டிங்கரிடம் போனார். டிங்கர் பைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, வெல்டிங் வைப்பதற்காவது கொஞ்சம் தகரம் வேண்டும் பாய், இதில் துருதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

புதுப்பேட்டையில் பழைய கார் சாமான் கடைகளில் இரண்டு நாள் அலைந்தார். அது ஐம்பத்தாறாம் வருஷத்து லேண்ட்மாஸ்டர். கடைக்குக் கடை அம்பாசடர் மட்கார்டு அடுக்கி வைத்திருந்தார்கள். லேண்ட்மாஸ்டருக்கு ஒன்றுகூட இல்லை. பங்குனியில் தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்.சி.க்கு, வண்டியைக் காட்டியாக வேண்டும். மட்கார்டு இல்லாத வாடகைக் காருக்கு எந்த பிரேக் இன்ஸ்பெக்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.

மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டே அமீர் ஜான் தன் முடிவைச் சொன்னார். காரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு மீஞ்சூரில் ஒரு கம்பெனிக்கு லாரி ஓட்டப் போகிறார். தங்குவதற்கு அங்கேயே இடம் தருகிறார்கள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து போகலாம்.

மெஹருன்னிசா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம். பிள்ளையில்லை. காலையில் அவர் பொன்னேரிக்குச் சவாரி போவார், அவள் தையல் மிஷினில் உட்காருவாள். அந்தத் தெருவின் ஜாக்கெட்டுகளும் பள்ளிக்கூட யூனிஃபார்ம்களும் அவள் கையால் தைத்தவைதான். மதியம் ஹாரன் சத்தம் கேட்டால் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து உலையை இறக்குவாள். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வரும் புருஷனை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் சுப்பராயலு தைக்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்தான். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் உள்ள குப்பத்துக்காரன். எண்ணூரில் ஃபைபர் படகு கட்டும் யார்டில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு, மச்சானோடு சேர்ந்து சொந்தமாக ஒரு படகு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தான். பூவரச மரத்தடியில் ஒரு பக்கம் சக்கரம் தெரிய நின்றிருந்த காரை அவன் சுற்றிச்சுற்றி வந்தான்.

“இத ஃபைபர்ல செய்யலாங்க்கா,” என்றான். “இருபத்தாறு அடி போட்டே செய்யறோம். இது இன்னா, ஒரு மட்கார்டு.”

துரு பிடிக்குமா என்று மெஹருன்னிசா கேட்டாள். கண்ணாடி நாருக்கும் ரெசினுக்கும் எங்கேயக்கா துரு என்றான் அவன். யார்டில் வெட்டி மிஞ்சிய மேட்டு, அதாவது கண்ணாடி நார் விரிப்பின் துண்டுகளை, முதலாளியிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தான். படகில் ஓட்டை விழுந்தால் ஒட்டுவதற்காக அரை டின் ரெசின் பசையும் அவனிடம் இருந்தது. குறை ஒன்றே ஒன்றுதான். யார்டில் படகுக்கு அச்சு உண்டு. அச்சுக்குள் மேட்டைப் பரப்பி ரெசின் தடவினால் படகு வந்துவிடும். இங்கே இடது மட்கார்டு பொடியாகிவிட்டது. வலதிலிருந்து அச்செடுத்தால் இன்னொரு வலதுதான் கிடைக்கும்.

மெஹருன்னிசா கொஞ்சநேரம் வலது மட்கார்டையே பார்த்தாள். சட்டைக்கு இரண்டு கை உண்டு. அவள் இரண்டு காகிதம் வெட்டுவதில்லை. ஒரு காகிதத்தில் ஒரு கையை வெட்டி, அதையே புரட்டிப் போட்டு மறு கையை வெட்டுவாள்.

“காகிதத்த நான் வெட்டித் தர்றேன் தம்பி,” என்றாள்.

அமீர் ஜானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தையல் மிஷின்ல காரு தைக்கப் போறியா மெஹரு?” என்று கேட்டார். ஆனாலும் காயலான் கடைக்காரனை மாசிவரை பொறுத்துக்கொள்ளச் சொன்னார்.

அவள் பழைய செய்தித்தாள்களை வலது மட்கார்டின் மேல் வைத்து, நாலு விரலுக்கு ஒன்றாக வளைவை வெட்டி எடுத்தாள். ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் எண் போட்டாள். பதினெட்டுக் காகிதம் வந்தது. இனி அவற்றைப் புரட்டிப் போட்டு, அந்த வளைவுக்கு லேசான ஏதாவது ஒன்றைச் செதுக்கி, அதன் மேல் மேட்டைப் போர்த்த வேண்டும். தோணிரேவுக் கரையில் இறால் கம்பெனிக்காரர்கள் எறிந்துவிட்டுப்போன தெர்மோகோல் பெட்டிகள் கிடந்தன. சுப்பராயலு நாலைந்தைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தான். மைதா பசையால் ஒட்டி, மீன் அரியும் கத்தியால் மூன்று நாள் செதுக்கினார்கள். முற்றம் முழுக்க வெள்ளைப் பொடி பறந்தது. வெள்ளை மட்கார்டு ஒன்று அழகாக வந்து நின்றது.

நாலாம் நாள் சுப்பராயலு ரெசினைக் கலந்து, பிரஷ்ஷால் அதன் மேல் முதல் கை தடவினான். தடவிய இடம் உள்வாங்கியது. கொஞ்சநேரத்தில் அது வெந்நீரில் விழுந்த சர்க்கரைக் கட்டியைப்போலக் கரைந்து குழிந்தது. மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று நாள் வேலை பிசுபிசுவென்று ஒழுகிப் பலகையில் பரவியது.

சுப்பராயலு பிரஷ்ஷைக் கீழே போட்டான். யார்டில் அவன் தெர்மோகோலைத் தொட்டதே இல்லை. அச்சில்தான் வேலை செய்திருந்தான். மெஹருன்னிசா உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு இரண்டு கிளாஸ் டீயோடு வெளியே வந்தாள். காகிதமெல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது தம்பி, வேறு என்னத்தில் செதுக்கலாம் சொல் என்றாள்.

அமீர் ஜான் அன்றைக்கு ஒன்றும் கேலி பேசவில்லை. இரண்டு நாள் கழித்துச் சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டையோடு வந்து இறங்கினார். ஐஸ் வேன் ஒன்றின் உடைந்த கதவுக்குள் இருந்த மஞ்சள் நுரைக்கட்டி. மீஞ்சூரில் ஒரு பட்டறை வாசலில் கிடந்ததைக் கேட்டு வாங்கியிருந்தார். சுப்பராயலு ஒரு துண்டைக் கிள்ளி ரெசின் டின்னில் போட்டான். மூவரும் டின்னைச் சுற்றிக் குந்திக்கொண்டு காத்திருந்தார்கள். நுரை மிதந்தது, கரையவில்லை.

மறுபடி செதுக்கினார்கள். இந்த நுரை கத்திக்குப் பதமாக இருந்தது, உப்புத்தாளில் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. மெஹருன்னிசாவின் கண் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தப்பாமல் சொன்னது. விளக்குக்கு மேலே மட்டும் ஒரு பள்ளம் விழுந்துகொண்டே இருந்தது. பதினோராம் எண் காகிதத்தைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தாள். காகிதம் அந்தப் பள்ளத்தில் அச்சாக உட்கார்ந்தது.

“இன்னாங்க, வலது பக்கத்துல எப்பனா அடிபட்டுதா?” என்று கேட்டாள்.

அமீர் ஜான் தாடியைத் தடவினார். கார் வாங்கிய முதல் வாரத்தில் பொன்னேரியில் ஒரு சுவரில் இடித்துவிட்டதையும், அவளிடம் சொல்ல வெட்கப்பட்டுத் தட்டிப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்ததையும் ஒப்புக்கொண்டார். ஆறு வருஷத்து ரகசியம். அந்தப் பள்ளத்தைத்தான் காகிதம் விசுவாசமாக இடது பக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தது. மெஹருன்னிசா சிரித்துச் சிரித்துக் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டாள். அப்புறம் பள்ளத்தில் ஒரு நுரைத்துண்டை ஒட்டி மேடாக்கித் தேய்த்தாள்.

மேட்டுப் போர்த்தும் நாளுக்கு முன்னால் சுப்பராயலு இரண்டு புட்டிகளைக் காட்டி எச்சரித்தான். ஒன்றில் ஊதா மருந்து, ஒன்றில் தண்ணி மாதிரி மருந்து. ஊதாவை முதலில் ரெசினில் கலக்கிவிட்டுத்தான் மற்றதைச் சொட்ட வேண்டும். இரண்டும் நேராகக் கலந்தால் வெடிக்கும். ஒரு புட்டியைக் கிணற்றடியிலும் இன்னொன்றை மரத்தடியிலும் வைத்தார்கள். கண்ணாடி நார் அரிக்குமென்று கைக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டார்கள்.

கண்ணாடி மேட்டு நேர்ப்பரப்பில் சொன்னபடி கேட்டது. விளக்கு வாயைச் சுற்றி வளைகிற இடத்தில் மடிப்பு மடிப்பாக எழும்பியது. சுப்பராயலு அதைப் பிரஷ்ஷால் குத்திக் குத்தி அழுத்தினான். ஒரு மடிப்பு அடங்கினால் பக்கத்தில் இன்னொன்று எழுந்தது. கொடு தம்பி என்று மெஹருன்னிசா கத்தரிக்கோலை எடுத்தாள். ஜாக்கெட்டுக்கு டக் பிடிக்கிற மாதிரி ஓரத்தில் முக்கோணம் முக்கோணமாக நறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாகப் படியவைத்தாள். மேட்டு வளைவைக் கவ்விக்கொண்டது.

“யார்டுல ஒருத்தனுக்கும் இது தெரியாதுக்கா,” என்றான் சுப்பராயலு.

நாலு அடுக்குப் போட்டார்கள். போல்ட்டு மாட்டும் இடங்களில் இரும்புப் பட்டையை அடுக்குக்குள் வைத்து மூடினார்கள். பக்கத்து வீட்டுப் பரக்கத் பீவி மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு வந்து, இன்னா கருமம் காய்ச்சுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு, போகாமல் அங்கேயே நின்று கடைசிவரை வேடிக்கை பார்த்தாள். சாயங்காலம் மெஹருன்னிசா விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள். முற்றிய சுரைக்காயைத் தட்டியது போலக் கேட்டது.

உள்ளே இருந்த நுரையை மறுநாள் கரண்டியால் சுரண்டி எடுத்தார்கள். உட்புறம் இன்னொரு அடுக்கு, மேலே பட்டி, தேய்ப்பு, கறுப்புப் பெயின்ட். காரில் வைத்தபோது ஒரு போல்ட்டு மட்டும் அரை விரல் தள்ளி நின்றது. அமீர் ஜான் துளையை அரத்தால் ராவி நேராக்கினார். அவர்கள் மூவரின் கையிலும் இரண்டு வாரம் அரிப்புப் போகவில்லை.

எஃப்.சி. காட்டும் நாளன்று மெஹருன்னிசா புர்கா போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அமீர் ஜான் வேண்டாமென்று சொல்லவில்லை. சுப்பராயலு கடலுக்குப் போகாமல் தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு முன்சீட்டில் வந்தான்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர். பிரேக், ஹாரன், ஸ்டியரிங் எல்லாம் பார்த்துவிட்டு முன்பக்கம் வந்தார். இடது மட்கார்டில் பேனாவால் தட்டினார். நின்றார். வலதில் தட்டினார். மறுபடியும் இடதில் தட்டினார்.

இது எங்கே வாங்கியது பாய் என்று கேட்டார். அமீர் ஜான் வழியெல்லாம் புதுப்பேட்டை என்று சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

“வாங்கல சார். என் வீட்டுக்காரி தெச்சது,” என்றார்.

சொன்ன பிறகுதான் எப்படிச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தோன்றியது. இன்ஸ்பெக்டர் பின்சீட்டைப் பார்த்தார். மெஹருன்னிசா இறங்கி வந்தாள். காகிதம் வெட்டியது, புரட்டிப் போட்டது, தெர்மோகோல் கரைந்தது, டக் பிடித்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். இன்ஸ்பெக்டர் குனிந்து மட்கார்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். அடுக்குகளை விரலால் நெருடினார். போல்ட்டு ஒவ்வொன்றையும் ஆட்டினார். மட்கார்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றித் தன் முழு எடையையும் கொடுத்தார். அது அசையவில்லை. அடிபட்டால் என்னாகும் என்று கேட்டார். முகத்துவாரத்து மணலில் அலை எடுத்து அடித்தும் தன் படகு உடையவில்லை, கீறல் விழுந்தால் அதே இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம் என்று சுப்பராயலு பதில் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் டேப்பை எடுத்து விளக்குகளின் உயரத்தை அளந்தார். சரியாக இருந்தது. பிறகு நாலடி பின்னால் போய் நின்று காரை முன்னாலிருந்து பார்த்தார்.

“இடது பக்கம் சரியா கீதும்மா,” என்றார். “வலது பக்கந்தான் கோணலா இருக்குது. அடுத்த வருஷத்துக்குள்ள அதையும் மாத்திடுங்க.”

கையெழுத்துப் போட்ட காகிதத்தை வாங்கிக்கொண்டு மூவரும் காருக்குள் உட்கார்ந்தார்கள். கொஞ்சதூரம் வந்ததும் அமீர் ஜான் காரை ஓரம் கட்டி, ஒரு டீக்கடையில் மூன்று டீயும் பொறை பிஸ்கட்டும் சொன்னார். லாரிக் கம்பெனிக்கு வேலைக்கு வரமாட்டேன் என்று ஆள் சொல்லி அனுப்பிவிட்டதாகவும், அனுப்பிப் பத்து நாளாகிறது என்றும் அப்போதுதான் சொன்னார். கையெழுத்துக் கிடைக்குமென்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று மெஹருன்னிசா கேட்கவில்லை. பொறையை டீயில் நனைத்துச் சாப்பிட்டாள்.

சித்திரையில் வலது மட்கார்டும் ஃபைபரானது. அதைப் பொன்னேரி ஸ்டாண்டில் பார்த்துவிட்டு ஒரு வேன்காரர் முன்பக்க பம்பர் கேட்டு வந்தார். மெஹருன்னிசா அவருக்குப் பம்பரின் நடுவில் அவர் பெயரின் முதல் எழுத்தைப் புடைப்பாகச் செதுக்கிக் கொடுத்தாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். சுப்பராயலு கடல் கொந்தளிக்கிற நாட்களில் வந்து ரெசின் கலந்தான். காலையில் ஜாக்கெட், மதியத்துக்கு மேல் மட்கார்டு என்று மெஹருன்னிசாவின் நாள் இரண்டாகப் பிரிந்தது. தையல் மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் எண் போட்ட காகிதங்கள் ஆணியில் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

ஐப்பசியில் ஒரு நாள் மீஞ்சூரிலிருந்து ஒரு டாக்டர் தன் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். பானெட்டு முழுவதும் ஓட்டை. அமீர் ஜான் முந்திக்கொண்டு, அடுத்த வாரம் தந்துவிடலாம் என்று சொல்லப் பார்த்தார்.

மெஹருன்னிசா வானத்தைப் பார்த்தாள். ஏரிக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

“ஈரத்துல ரெசின் பிடிக்காது சார்,” என்றாள். “மழ முடிஞ்சி மார்கழில வாங்க. இன்னிக்குக் காகிதம் மட்டும் வெட்டி வெச்சிக்கறேன்.”

டாக்டர் சரியென்று ஜீப்பிலிருந்து இறங்கினார். அவள் கத்தரிக்கோலையும் செய்தித்தாள்களையும் எடுத்துவர உள்ளே போனாள்.