ஆறு மணிச் சட்டம்

ஆறு மணிக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இது எங்கள் வீட்டுச் சட்டம். போட்டவள் நான்தான். என் மகள் கடிகாரம் பார்க்கப் பழகியதே அதனால்தான்.

ஏழு வயது. வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். பிறந்ததிலிருந்து அவள் உள்ளாடை காய்ந்ததே இல்லை. நான் பள்ளிச் சீருடை தைக்கிறவள். வெட்டியது போக மிஞ்சிய துணியை மடித்துத் தைத்து உள்ளே வைத்து அனுப்புவேன். அதுவும் நனைந்துதான் வரும். "வளந்தா சரியாயிடும்" என்றார்கள், பார்த்த இரண்டு டாக்டர்களும். எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. திமிர் என்று முடிவுகட்டினேன். திட்டினேன், அடித்தேன், கடைசியில் தண்ணீரை எட்டாத உயரத்தில் ஏற்றி வைத்தேன்.

போன மாதம் ரேடியோ ஓய்ந்தது. இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சுவரோரமாகச் சுருண்டு கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான சிறுநீரக டாக்டரம்மா, அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்.

"பாத்ரூம் போய்ட்டு வந்த உடனேயும் ஈரமா இருக்கா?"

"ஆமா டாக்டர். போகவும் செய்வா, நனைக்கவும் செய்வா."

அவர் பேனாவை மூடி வைத்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. மணிக்கொரு துணி மாற்றி எடை பார்க்கச் சொன்னார்.

எனக்குத் தராசு தேவைப்படவில்லை. விழித்திருந்தாலும் தூங்கினாலும் ஒவ்வொரு துணியும் கையில் ஒரே கனம். ஆறாவது துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திமிருக்கு இவ்வளவு ஒழுங்கு வராது.

ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டினார் டாக்டரம்மா.

"ஒரு கிட்னிக்கு ஒரு குழாய்தான் இருக்கணும். இவளுக்கு இடது பக்கம் ரெண்டு. அதுல ஒண்ணு சிறுநீர்ப்பைக்குப் போகாம, கீழ வேற இடத்துல திறக்குது. அத யாராலயும் அடக்க முடியாது. ரொம்ப அபூர்வமா வர்றது."

"சரி பண்ணிடலாமா?"

"கிட்னியோட மேல் பாகம் சீழ் பிடிச்சிருக்கு. அத எடுத்துடலாம். கீழ் பாகம் தாங்குமான்னு திறந்து பாத்தாதான் தெரியும்." பேனாவை எடுத்தார். "தண்ணி நல்லா குடிப்பாளா?"

"நான்தான் குடுக்க மாட்டேன்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அறுவை சிகிச்சை நான்கு மணி நேரம் நடந்தது. வெளியே வந்த டாக்டரம்மா முகமூடியை இறக்கினார்.

"மேல் பாகத்த எடுத்தாச்சு. கீழயும் தழும்பு இருக்கு. மூணு மாசம் கழிச்சுத்தான் எதுவும் சொல்ல முடியும்."

மூன்றாம் நாள் மாலை சிறுநீர் டியூபை எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் துணியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. ஏழு வருடத்தில் முதல் தடவை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"நெறைய தண்ணி குடுங்கம்மா" என்றார் நர்ஸ். "மிச்சம் இருக்கிற கிட்னியக் காப்பாத்தணும்ல."

டம்ளரை நீட்டினேன். மகளின் உதடு வெடித்திருந்தது. கையை நீட்டப்போனவள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"மணி ஆறரை ஆயிடுச்சும்மா."