அமலோற்பவம் அக்காவின் இடது கால்

போன பங்குனியிலிருந்து என் இரண்டு பாதங்களும் எனக்குத் தகவல் சொல்வதில்லை. கணுக்காலுக்கு மேலே நான். கீழே யாரோ. வெந்நீரில் நின்றாலும் சரி, கல்லில் நின்றாலும் சரி, ஒன்றும் வந்து சேராது.

அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் நான் பாளையங்கோட்டையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். படிக்க வருகிறவர்கள் பயத்தில் மிதிக்க மறக்கும் பிரேக்கை, பக்கத்து இருக்கையில் இருந்து நான்தான் மிதிக்க வேண்டும். ஐப்பசியில் ஒருநாள், மிதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். கார் ஒரு இளநீர்க் குவியலுக்குள் போய் நின்றது. முதலாளி செல்வின் சத்தம் போடவில்லை. வியாதிக்கு ஒரு பெயர் எழுதி வாங்கி வரும்வரை மேசையில் உட்காரச் சொன்னார். பதினாறு வருடம் வண்டியில் உட்கார்ந்தவள் நான். மேசை எங்கேயும் போகவில்லை. அழுகையாக வந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் கால்களுக்குச் சான்று கேட்டார்கள். அடையாள அட்டையைக் கொடுத்தேன். சீட்டு எழுதுகிறவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல கால் இல்லையே."

"முகத்தைத்தான் படம் எடுத்தாங்க."

"அப்ப முகத்தைக் காட்டிட்டுப் போங்க."

நான் காலைத் தூக்கி அவர் மேசைமேல் வைத்தேன். அவர் என் முகத்தையும் காலையும் மாறிமாறிப் பார்த்தார். ஜாடை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு சீட்டுக் கொடுத்தார்.

நரம்பு டாக்டர் ஆவுடையப்பன் ரொம்ப நல்ல மனிதர். சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. அவர் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார். இவ்வளவு நல்ல ரத்தத்தை வாழ்நாளில் இரண்டு தடவைதான் பார்த்திருப்பதாகவும், இன்னொன்று தன்னுடையது என்றும் சொன்னார். கால் மரத்திருக்கிறதே என்று ஞாபகப்படுத்தினேன். அவர் முகம் வாடிவிட்டது.

பிறகு ஓர் ஊசியை எடுத்து என் வலது கால் கட்டைவிரலில் குத்தினார்.

"வலிக்குதா?"

"இல்லை."

கட்டடத்துக்குள் எங்கோ ஒரு பெண் "ஏசுவே" என்றாள்.

இடது காலில் குத்தினார். மறுபடியும் "ஏசுவே" என்று கேட்டது. டாக்டர் நோட்டில் எழுதினார்: வலி உண்டு. இடம் தெரியவில்லை.

அந்தச் சத்தம் என்ன என்று கேட்டேன். சத்தம் காது டாக்டரின் பிரிவு என்றார்.

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தம் வந்த பக்கம் நடந்தேன். நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. நூறு அடிக்கு ஒரு நர்ஸ் உட்கார்ந்து, எத்தனை மாதமாக மரத்திருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். முதல் நர்ஸிடம் ஏழு என்றேன். ஐந்தாவது நர்ஸிடம் எட்டு என்று சொல்ல வேண்டியதாயிற்று. வழியில் ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. இங்கே பஸ் வராது, நிழலுக்காக நிற்கிறோம் என்றார்கள் அங்கே நின்றவர்கள்.

வழி தவறிவிடக் கூடாது என்று அவ்வப்போது தரையில் ஓங்கி மிதித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் "ஏசுவே" பக்கத்தில் வந்தது. கடைசியில், பழைய நோயாளிகளின் சீட்டுகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கும் பதிவறை வாசலில் போய் நின்றேன்.

உள்ளே ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, கால்களை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். மேசையில் அமலோற்பவம் என்று பெயர்ப்பலகை இருந்தது. அவர் என் வெறுங்காலைப் பார்த்தார்.

"நீங்கதானா," என்றார். "முதல்ல செருப்பைப் போடுங்க. தரை சில்லுன்னு இருக்கு."

போட்டேன். அவருக்கு மூச்சு வந்தது.

என் பாதங்களுக்கு நேர்வதெல்லாம் எட்டு மாதமாக அவருக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. தன்னுடையதோடு சேர்த்து நான்கு பாதங்களை வைத்துச் சமாளித்திருக்கிறார். சித்திரையில் நான் தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்றதற்கு அவர் மூன்று நாள் லீவு போட்டிருந்தார். ஆடியில் நான் கட்டிலில் இடித்துக்கொண்டது அவருக்குத் தேதியோடு ஞாபகம் இருந்தது. பிரேக் மிதிப்பது மட்டும் பிடித்திருந்ததாம். இளநீர்க் குவியலைப் பற்றிச் சொன்னேன். அன்றைக்கு நான் மிதித்தது பிரேக்கை அல்ல, பக்கத்தில் கிடந்த மிதியடியை என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். திருப்பி வாங்கிக்கொள்ள வந்திருக்கிறேன் என்றேன். அவர் உடனே சம்மதித்தார். அதற்கு ஒரு படிவம் இருந்தது. பெயர், ஊர், எத்தனை பாதம் என்று வேகமாக நிரப்பிக்கொண்டே வந்தவர் பேனாவை மூடி வைத்தார்.

"ஒண்ணு கேக்கணும். சாயங்காலம் ஆறரைக்கு ஒருத்தர் வந்து தேய்ச்சு விடுதாரே. அது யாரு?"

என் கணவர் நம்பிராஜன் என்றேன். கால் மரத்ததிலிருந்து தினமும் நல்லெண்ணெயைச் சூடாக்கி என் பாதங்களில் தேய்க்கிறார். ஒன்றும் தெரியவில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஆனாலும் தேய்ப்பார். நான் அந்த நேரத்தில் சீரியல் பார்ப்பேன்.

அமலோற்பவம் அக்கா படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் காலை இதுவரைக்கும் யாரும் தொட்டது இல்ல," என்றார். "ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய்க் கால் கழுவிட்டு உக்காந்திருப்பேன். கல்லு, தாரு, கட்டிலு எல்லாத்தையும் நானே வச்சுக்கிடுதேன். அதுவும் இருக்கட்டுமே."

எனக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் வந்தது. நான் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் இந்த அம்மா என் புருஷனுக்காகக் கால் கழுவிக் காத்திருந்திருக்கிறார். ஆனால் காத்திருந்தது அவர். நான் ஒருநாளும் காத்திருக்கவில்லை. அதை நினைத்ததும் வந்த கோபம் உட்கார இடம் இல்லாமல் போய்விட்டது.

"பிரேக்குக்கு வலது கால்தான் வேணும், அக்கா. இடது உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் படிவத்தில் இரண்டு என்பதை அடித்து ஒன்று என்று எழுதினார். என் வலது உள்ளங்காலில் முத்திரை குத்தினார். மை சில்லென்று இருந்தது. "ஏசுவே," என்றேன் நான்.

திரும்பி வரும்போது தாழ்வாரம் இருபது அடிதான் இருந்தது. காரணம் தெரிந்துவிட்டது, அமலோற்பவம் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டி, அந்தப் பெயரில் வியாதி எதுவும் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். பிறகு ஆங்கிலத்தில் நீளமாக எழுதிக் கொடுத்தார். காரணம் தெரியாத மரமரப்பு, பாதி குணம் என்று அதற்கு அர்த்தமாம். செல்வினுக்கு அது போதுமானதாக இருந்தது. இவ்வளவு நீளப் பெயருள்ள வியாதி தன் ஸ்கூலில் யாருக்கும் வந்ததில்லை என்று வண்டிச் சாவியைக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. எண்ணெய்ச் சூடு அந்த அம்மாவுக்குச் சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நான் விசாரிக்கவில்லை என்றேன். விசாரித்திருக்கலாம் என்றார்.

வலது காலில் ஆரம்பித்தார். அவர் கைக் கட்டைவிரலில் ஒரு காய்ப்பு இருந்தது. கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அதை நான் அறிந்ததில்லை. இந்த எட்டு மாதத்தில்தான் வந்திருக்க வேண்டும். நான் டிவியை அணைத்தேன்.

வலது காலை முடித்துவிட்டு எழுந்து அறைக்குள் போனார். பனியனோடு போனவர் வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான்வரை மாட்டிக்கொண்டு வந்தார். தலையும் சீவியிருந்தார். பிறகு உட்கார்ந்து, இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.