நாலு எலுமிச்சம்பழமும் மூன்றாவது பெடலும்

என் கணவர் உருத்திரமூர்த்தி அந்தக் காரை வாங்கிய அன்றே சட்டம் போட்டுவிட்டார். "இதை என்னைத் தவிர ஒருத்தரும் ஓடக்கூடாது, பவா."

ஆனால் எழுபத்தோராம் ஆண்டு டொட்ஜ் சலெஞ்சர், செம்மஞ்சள் நிறம். பார்த்தால் யாருக்குத்தான் ஓட ஆசை வராது? எனக்கு நித்திரையிலும் வந்தது.

வாங்கும்போது அது ஓட்டோமாட்டிக். "இப்பிடிப்பட்ட காருக்குக் கையால கியர் மாத்தினால்தான் மரியாதை" என்று இரண்டு குளிர்காலங்களை அதற்கே கொடுத்தார். சுவிட்சர்லாந்தின் துன் நகரில், எங்கள் வீட்டருகே மெக்கானிக் கிஷோபனின் கராஜில் ஒரு மூலை இவருக்கு. பழைய கியர்பொக்ஸைக் கழற்றிப் புதியதை ஏற்றினார், கிளச் பூட்டினார், தரையில் துளை வெட்டிக் கியர்த் தடியை நிறுத்தினார், இரண்டு பெடல் இருந்த இடத்தில் மூன்றாவதைச் சேர்த்தார். நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் பொதுச் சலவை அறைத் தொட்டியில் இவர் இரும்பு கழுவியதற்கு, மேல்மாடிச் சுவிஸ் அம்மாவிடம் ஏச்சு வாங்கியது நான்.

வாகனப் பரிசோதனைக்குக் காரை ஓட்டிப்போனது கிஷோபன். ஒரு குறையும் இல்லாமல் தேறியது. பூசைக்காகக் கோயிலுக்கு ஓட்டிவந்ததும் அவன்தான். "பூசைக்கு முந்தி நான் ஓடக்கூடாது" என்றார் இவர். அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரில் இருக்கிறதோ தெரியாது.

ஐயர் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, காரின் நாலு சில்லுக்கு முன்னாலும் ஒவ்வொன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். கோயில் முற்றம் வீதியை நோக்கிக் கொஞ்சம் ஏற்றம். சனம் கைபேசியைத் தூக்கிக்கொண்டு நின்றது. இவர் மாப்பிள்ளை மாதிரி ஏறி இருந்தார்.

கார் ஒருமுறை இருமிவிட்டு நின்றது. மறுபடியும் நின்றது. மூன்றாவது முறை பின்னுக்கு உருண்டது. எலுமிச்சம்பழங்களும் அதன் பின்னாலேயே உருண்டன. பின்னால் நின்றவர்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"நல்ல நேரம் முடிய ஏழு நிமிசம் கிடக்கு" என்றார் ஐயர், பழங்களைப் பொறுக்கிக்கொண்டு.

நான் ஜன்னலருகே குனிந்தேன். இவருடைய இடது கால் மூன்றாவது பெடலைத் தடவித் தேடிக்கொண்டிருந்தது.

"பவா, நான் ஒருநாளும் கிளச் மிதிச்சு ஓடினதில்லை."

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஊரில் இவர் ஓடியது சைக்கிள். இங்கே பழகியதும் வேலையில் ஓடுவதும் ஓட்டோமாட்டிக்.

"பிறகு என்னத்துக்கப்பா ரெண்டு வருசம்?"

"எனக்குப் பூட்டத்தான் ஆசை. ஓடுறதைப் பிறகு பழகலாம் எண்டு நினைச்சன்."

அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு பாடுபட்ட மனிதன் சனத்துக்கு முன்னால் பகிடியாகிப் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "முதல் ஓட்டம் நான்தான் ஓடவேணுமாம். இவர் பிடிவாதமா நிக்கிறார்."

இவர் இறங்கி மறுபக்கம் போய் ஏறினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். பதினாலு வருடமாக ஹோட்டல்களின் சலவைத் துணியை வேனில் ஏற்றி மலைக்கும் ஏரிக்கும் ஓடுகிறவள் நான். அந்த வேனுக்கும் மூன்று பெடல்தான். ஐயர் பழங்களை மறுபடியும் சில்லுகளுக்கு முன்னால் வைத்தார். கிளச்சை மெல்ல விட்டேன். நாலு பழமும் நசுங்கின. கார் ஏற்றத்தில் ஏறி வீதிக்கு வந்தது.

இரண்டாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. மூன்றாவதும் அப்படியே. இவர் கியர்த் தடிக்குப் பக்கத்தில், தான் வெட்டிய துளையின் ஓரத்தில், உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ஆளில்லாத ஒரு வாகனத் தரிப்பிடத்தைக் கண்டதும் ஓரங்கட்டினேன். ஆசை தீர்ந்தது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு, "வாங்கோ, பழக்கிவிடுறன். இது உங்கட கார்" என்றேன்.

இவர் அசையவில்லை.

"பிறகு பழகலாம், பவா. நீ இன்னும் ஒருக்கா மூண்டாவதுக்குப் போடு. அந்தச் சத்தத்தை நான் கேக்கவேணும்."