ஓநாய்க்குட்டி எழுந்திருக்கும் விதம்

மூன்றாவது முறையும் அவள் வரைந்த ஓநாய்க்குட்டி திரும்பி வந்துவிட்டது. ஹஃப்சாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். அம்மா ஓநாய், அப்பா ஓநாய், நொண்டிச் சித்தப்பா ஓநாய் வரைக்கும் எல்லாம் பாஸ். இந்தக் குட்டியிடம் மட்டும் அப்படி என்ன குறையைக் கண்டாளாம் பிரிசில்லா? நேரிலேயே கேட்டுவிடுவது என்று கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் ஏறினாள்.

பிரிசில்லா கீழவீதி மாடியில் குழந்தைகளுக்கான கார்ட்டூன் படம் செய்கிறவள். அவளிடம் ஒரே சட்டம்தான். "தலைய பூசணிக்கா சைஸுக்கு வரை, கண்ண உருட்டி வை, நான் கேக்க மாட்டேன். உள்ள இருக்கிற எலும்பு மட்டும் ஓநாயோடதா இருக்கணும்." அந்தச் சட்டத்துக்காகத் தெருநாய்களின் பின்னால் அலைந்தவள் ஹஃப்சா. பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்தி நிற்பது முட்டி இல்லை, குதிகால் என்று கண்டுகொண்டபோது அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

குட்டிக்கு மாடல் அவளுடைய ஐந்து வயது மகன் அசார். வீடு முழுக்க நாலு காலில் தவழ்ந்து ஊளையிடுவான். அவள் போனில் படம் பிடிப்பாள். அவன் எழும்போதுதான் வேடிக்கை. உள்ளங்கையைத் தரையில் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, முட்டியில் ஒரு கை, தொடையில் ஒரு கை என்று தன் மேலேயே தான் ஏறுகிற மாதிரி எழுந்து நிற்பான். அதை அப்படியே குட்டிக்குக் கொடுத்திருந்தாள். குவைத்திலிருந்து வீடியோ காலில் பார்த்த அவள் கணவன் அன்வர் விழுந்து விழுந்து சிரித்தான். "கெழவன் மாதிரி ஏந்திரிக்கிறான் பாரு! ஆனா கெண்டக்கால பாத்தியா? என் புள்ள ஃபுட்பால் ஆடப்போறான்."

"ஓநாய்க்கு ஏது கை, முட்டில ஊனி ஏந்திரிக்க?" ஹஃப்சா மாடியேறி வந்ததும் எடுத்த எடுப்பில் கேட்டாள் பிரிசில்லா. "முன்னங்கால நிமித்தும், அப்புறம் பின்னால தூக்கும். அவ்ளோதான்."

"நான் ஒண்ணும் கற்பனைல வரையலக்கா. என் பையன் இப்டிதான் ஏந்திரிப்பான். நீங்களே பாருங்க."

பிரிசில்லா போனை வாங்கிப் பார்த்தாள். மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதட்டலெல்லாம் எங்கே போயிற்றோ, குரல் இறங்கிவிட்டது.

"மாடிப்படி ஏறுவானா?"

"எங்க! சரியான சோம்பேறி. தூக்கிக்கோன்னு நிப்பான்."

"அடிக்கடி வுழுவானா?"

"புள்ளைங்கன்னா வுழாதா?" ஹஃப்சா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "ஏங்க்கா?"

"என் தம்பி இப்டிதான் ஏந்திரிப்பான். எங்க வூட்லயும் சிரிச்சோம்."

"இப்ப என்ன பண்றாரு உங்க தம்பி?"

"நீ மொதல்ல டாக்டர்கிட்ட காட்டு" என்றாள் பிரிசில்லா.

சிதம்பரத்து டாக்டர் அசாரைத் தரையில் உட்காரவைத்து எழச் சொன்னார். எழுந்தான். அவர் சிரிக்கவில்லை. ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். சதை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிற வியாதி என்று பதில் வந்தது. மாத்திரை தள்ளிப்போடும், நிறுத்தாது. பத்துப் பன்னிரண்டு வயதில் நடை நின்றுபோகும். கெண்டைக்காலில் திரண்டிருந்தது பலம் இல்லையாம், கொழுப்பாம். அடிப்பாவி, ஊர் நாய்க்கெல்லாம் எலும்பு பார்த்தாயே, பெற்ற பிள்ளையின் காலைப் பார்க்கத் தெரியவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டு பஸ் கடலூர் வரும்வரை அழுதாள். அசார் மடியில் தூங்கினான்.

வேலை வேலைதானே. குட்டியைத் திருத்தினாள். முன்னங்கால் நிமிர்ந்தது, பின்னங்கால்கள் சிரமமே இல்லாமல் உடம்பைத் தூக்கின. யாரும் குறை சொல்ல முடியாத குட்டி. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அசார் பக்கத்தில் வந்து நின்று திரையைப் பார்த்தான்.

"அம்மா, இது நான்தானே?"

"ஆமாண்டா."

"முன்னாடி வேற மாதிரி ஏந்திரிச்சுதே?"

"அது தப்புன்னாங்க. மாத்திட்டேன்."

கொஞ்சம் யோசித்தான். "அப்ப நானும் மாத்திக்கிறேன்" என்று தரையில் நாலு காலில் நின்றான். கைகளை நிமிர்த்தினான். பின்பக்கத்தைத் தூக்கினான். ஒரு கை தானாக முட்டிக்குப் போயிற்று. வெடுக்கென்று எடுத்தான், பொத்தென்று விழுந்தான்.

"இரும்மா, இரு. இன்னொரு தடவ. நீ பாத்துக்கிட்டே இரு."

"பாக்குறேன்டா கண்ணு" என்றாள் ஹஃப்சா. வேறு என்ன சொல்வாள்?