ஒரே சொல், இரண்டு வரி

சாங் ஊர் வீட்டுக் கூடத்தில் அன்று நால்வர் இருந்தார்கள். கதவோரப் பிரம்பு நாற்காலியில் அம்மா ஜுயிதே. எதிரே, கோலாக்கொட்டைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் அண்ணன் வாஃபோ. சன்னல் விளிம்பில் தம்பி தாபே. சாப்பாட்டு மேசையில் மூத்தவள் பெசெம், முன்னால் வெள்ளைத்தாள். அப்பாவின் கல்லறைக்கான வாசகம் பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டு மொழியிலும் மதிய வண்டியில் பஃபூசாம் கல்தச்சருக்குப் போயாக வேண்டும்.

அப்பா ஆங்கிலம் பேசும் மாம்ஃபேக்காரர். பெண் எடுக்க வந்து, பிரெஞ்சு பேசும் இந்த ஊரிலேயே தங்கிவிட்டவர். கூரை ஒழுகினாலும், பிள்ளைகள் அடித்துக்கொண்டாலும் ஆங்கிலத்தில் ஒன்றுதான் சொல்வார்: "விருந்தாளிதான் கூரையைத் தாங்குறான்." அரசு மொழிபெயர்ப்பாளரான பெசெம் அதை 'அழைக்கப்பட்டவன்' என்ற சொல்லைப் போட்டுப் பிரெஞ்சில் ஆக்கி வாசித்தாள்.

தாபே துள்ளினான். "நாப்பது வருசம் இருந்த மனுசனைக் கல்லுலயும் விருந்தாளிங்கறியே அக்கா! 'உங்கப்பன் வந்தேறிதானே'ன்னு கேக்க மாட்டாங்க?"

"விருந்தாளியா?" அம்மா நிமிர்ந்தாள். "அது எங்கப்பா வாக்கு. கல்யாணத்தன்னிக்கு உங்கப்பாகிட்டச் சொன்னது. இனி நீதான் வீட்டுக்காரன்னுல்ல சொன்னார்!"

பெசெமுக்குச் சுருக்கென்றது. மேற்கோளைப் பெயர்க்குமுன் மூலத்தைத் தேடு என்பது அவள் தொழிலின் அரிச்சுவடி. அப்பா சொன்னது என்பதால் அதுவே மூலம் என்று இருந்துவிட்டாள்.

"மாமா, தாத்தா சொன்னதை ஒரு எழுத்து மாறாமச் சொல்லுங்க."

வாஃபோ கொட்டையை மென்று விழுங்கினார். "மாப்பிள்ளைக்கு நம்ம பாஷை தெரியாதேன்னு பிரெஞ்சுலதான் சொன்னார். மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சும் அரைகுறை, அது வேற கதை!" சிரிப்பு அடங்கியதும் தொண்டையைச் செருமிச் சொன்னார்: "லோட் தியென் லெ துவா."

பெசெமின் பேனா நின்றுவிட்டது. 'ஓட்' கூரையைத் தாங்குகிறான்; முன்னால் வரும் 'ல்' வெறும் முன்னொட்டு. விருந்து வைக்கும் வீட்டுக்காரனுக்கும் விருந்துக்கு வருபவனுக்கும் பிரெஞ்சில் அந்த ஒரே சொல்தான்.

தாத்தா சொன்ன வாக்கில் அம்மாவின் காதில் விழுந்தது வீட்டுக்காரன். அப்பாவின் காதில் விழுந்தது விருந்தாளி. அவள் நாற்பது ஆண்டு வீட்டுக்காரனுக்குச் சோறு போட்டாள். அவர் நாற்பது ஆண்டு விருந்தாளியின் பணிவோடு கூரை மேய்ந்தார். இருவரும் ஒரே வாக்கியத்துக்குள்தான் வாழ்ந்திருக்கிறார்கள், இரண்டு பேரும் சரியாக. பெசெம் எத்தனையோ சட்டங்களைப் பெயர்த்திருக்கிறாள். ஒரு சொல்லுக்குள் இவ்வளவு இடம் இருக்கும் என்று அவள் கண்டதில்லை.

அவள் அதை விளக்கிச் சொன்னாள். அம்மா மெல்ல, "அதான் அந்த மனுசன் கடைசிவரைக்கும் எங்கிட்டக் கேட்டுக்கிட்டுத்தான் தண்ணி எடுத்துக் குடிச்சாரா?" என்றாள்.

"சரி, இங்கிலீஷ்ல எதைக் கல்லுல வெட்டுறது?" என்றான் தாபே. அவன் குரலில் சண்டை இல்லை.

"ரெண்டையும். பிரெஞ்சுல தாத்தா சொன்ன ஒரே வரி. கீழ இங்கிலீஷ்ல ரெண்டு வரி, ஒரே அளவு எழுத்துல. வீட்டுக்காரன் கூரையைத் தாங்குகிறான். விருந்தாளி கூரையைத் தாங்குகிறான்," என்றாள் பெசெம்.

"கல்லு பத்தாதே!"

"எழுத்தைச் சின்னதாக்கச் சொல்லுடா," என்றார் வாஃபோ. "குனிஞ்சு படிக்கட்டும்."

பெசெம் மூன்று வரிகளையும் அச்செழுத்தில் தெளிவாக எழுதி, எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று கல்தச்சருக்கு அடியில் குறித்தாள். அம்மா ஒருமுறை வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்தாள். பெசெம் தாளை உறையிலிட்டு ஒட்டி, வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ஓட்டுநரின் கையில் கொடுத்தாள். வண்டி செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு பஃபூசாம் சாலையில் ஏறியது.