மருந்துக்கடையம்மாவின் குரல் எதிர்ப்பக்கம் போன வருஷம்

பிப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, சர்ச்சில் மூன்றாம் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது, தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் ரொட்டிக்கடையின் அடுப்பு அதே பாட்டைப் பெண்குரலில் பாட ஆரம்பித்தது. ரொட்டிக்கடைக்காரர் முதலில் பக்கத்து வீட்டு ரேடியோ என்று நினைத்தார். பக்கத்து வீட்டில் ஆளே இல்லை. அடுப்பின் கதவைத் திறந்தால் குரல் பெரிதாகக் கேட்டது, மூடினால் சிறிதாகக் கேட்டது. உள்ளே பன் தட்டுகளைத் தவிர ஒன்றுமில்லை. மறுநாள் மெக்கானிக் வந்து பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சூடு சரியாத்தான் வருது. பாடுறதெல்லாம் கேரண்டியில வராதுங்க" என்று சொல்லி மாட்டிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறும் அடுப்பு பாடியது. சர்ச்சில் பாட்டு நின்றால் அதுவும் நிற்கும். போதகர் பிரசங்கம் செய்கிற நேரத்தில் மரியாதையாக ரொட்டியை மட்டும் சுடும். பன் கொஞ்சம் சீக்கிரம் சிவந்தது என்பது தவிர வியாபாரத்தில் வேறு மாற்றம் எதுவும் இல்லை.

அந்தக் குரல் மருந்துக்கடையம்மாவுடையது. அது எதிர்ப்பக்கம் போனதற்குக் காரணம் அவளுடைய சொந்த வீட்டுக்காரர்கள். சர்ச் பாட்டுக்குழுவை நடத்துகிறவர் அவள் புருஷன். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துவதால் பூகோள வாத்தியார் என்றால்தான் தெரியும். மகள் இரண்டாம் குரல் பாடுவாள். மின்சார வேலை பார்க்கும் மகன், பாடத் தெரிந்தும் பாடாமல், ஹாலின் பின்னால் மிக்ஸர் மேஜையில் உட்கார்ந்து யார் மைக் எவ்வளவு கேட்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வான். மேல்குரல் அம்மாவுடையது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது அவளுடைய இடம். அந்த வீட்டில் திங்கள் ஒத்திகை, புதன் வேதபாடம், வெள்ளி மறுபடி ஒத்திகை, சனி யாராவது ஒருவருடைய கல்யாணம் என்று சாப்பாட்டு மேஜையில் பாட்டுத்தாள் இல்லாமல் தட்டு வைக்க இடம் கிடைக்காது.

வருஷம் பிறந்த கையோடு அவளுடைய குரல் மேலே போகிற இடங்களில் கொஞ்சம் இறங்குகிறது என்று முன்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. வயதானால் முழங்கால் வலிக்கிற மாதிரிதான், அதில் ஒரு அவமானமும் இல்லை. அவள் கடையில் இருந்த ஒரு மத்தியானம் மூன்று பேரும் போதகரும் அதே சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "சொன்னா தாங்க மாட்டா" என்றார் வாத்தியார். "அம்மா மனசு ஒடிஞ்சிடும்" என்றாள் மகள். போதகர் அன்பைப் பற்றி ஒரு வசனம் சொன்னார். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் கவுண்டரில் நின்று, "இது கசக்கும், வாந்தி வர்ற மாதிரி இருக்கும், ஆனா முழுசும் குடிச்சாத்தான் சரியாகும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிப் பிழைக்கிற ஒருத்தி எதைத் தாங்குவாள், எதைத் தாங்க மாட்டாள் என்று அவளைத் தவிர எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். முடிவு இதுதான்: மகன் அவளுடைய மைக்கை மிக்ஸரில் அடியோடு இறக்கிவிடுவான். பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்பதற்காகக் காலடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைப்பார்கள் இல்லையா, அதில் மட்டும் அவளுடைய குரலைத் தூக்கலாக வைப்பான். அவளுக்கு அவள் கேட்பாள். ஹாலுக்குக் கேட்க மாட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு சர்ச் முழுக்கச் சேர்ந்தால் மறைத்துவிடலாம்.

அப்படித்தான் நடந்தது. மேளம், கீபோர்டு, நாற்பது பேருடைய குரல், அதற்கு மேல் விசிறிச் சத்தம். இதில் வெறும் தொண்டையை யார் கேட்பார்கள்? சபையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது. காதும் காதும் வைத்த மாதிரி வைத்துக்கொண்டார்கள். ஆராதனை முடிந்ததும் வரிசையாக வந்து அவள் கையைப் பிடித்து, இன்றைக்கு என்னமாகப் பாடினீர்கள் என்று உருகினார்கள். முன்பெல்லாம் தலையை ஆட்டிவிட்டுப் போகிறவர்கள்கூட நின்று புகழ்ந்தார்கள், குற்றமுள்ள மனசுக்கு நாக்கு நீளம். அவளும் வயதான காலத்தில் தனக்கு நல்லது நடக்கிறது என்று நம்பி, விடியுமுன் எழுந்து வெந்நீரில் தேன் கலந்து குடித்துவிட்டு மாடியில் பயிற்சி எடுக்க ஆரம்பித்தாள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சர்ச்சில் அடைக்கப்பட்ட குரல் தெருவைத் தாண்டி முதலில் கண்ட சூடான இடத்தில் புகுந்துகொண்டது. ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போகாத ஜனங்கள் ரொட்டிக்கடையில்தான் கூடுவார்கள். ஷிஃப்ட் முடிந்து வரும் நர்ஸுகள், லாரி ஓட்டுகிறவர்கள், சாமியோடு கோபித்துக்கொண்ட ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். சர்ச் ஒலிபெருக்கியில் மற்றக் குரல்கள் தெருவைத் தாண்டி வரும், விட்டுப்போன மேல்குரல் அடுப்பிலிருந்து வந்து அதோடு சேரும். முழுப் பாட்டைக் கேட்டவர்கள் அவர்கள் மட்டும்தான். ஈஸ்டர் அன்று பன் வாங்கியவர்கள் போகாமல் நின்றதில் வாசலில் சைக்கிள் விட இடமில்லை. யார் பாடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. சர்ச்சுக்காரர்களுக்கோ அடுப்பு பாடுவது தெரியாது. அந்த நேரத்தில் இவர்கள் அங்கே, அவர்கள் இங்கே.

பள்ளி விடுமுறைக்குக் குடும்பம் காரில் கடற்கரைக்குப் போனது. வண்டியில் மிக்ஸர் கிடையாது. அவள் பாட வாயைத் திறக்கும்போதெல்லாம் வாத்தியார் ரேடியோவில் செய்தி வைத்தார். வெங்காய விலை, வெள்ள நிலவரம், எங்கோ கவிழ்ந்த அமைச்சரவை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நால்வரும் கடலைப் போய்ச் சேர்ந்தார்கள். மனிதருக்குத் திடீரென்று உலக ஞானம் வந்துவிட்டது என்று அவள் அவரைக் கேலி செய்தாள். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகஸ்டில் அதே சர்ச்சில் மகளுக்குக் கல்யாணம். அம்மா பாட வேண்டிய பாட்டுக்கு முன், மணப்பெண் பின்னால் திரும்பித் தம்பியைப் பார்த்து விரலைத் தரை நோக்கிக் காட்டினாள். அவன் இறக்கினான். தன் கல்யாணத்தில்கூட அவள் விடவில்லை. அன்றைக்கு ரொட்டிக்கடைக்காரரும் வந்திருந்தார், கேக் அவருடையது. கேக்கின் மேல்தட்டைக் கடையிலேயே மறந்துவிட்ட நினைவு வர, பாட்டின் நடுவில் எழுந்து ஓடினார். அடுப்பு அணைந்து ஜில்லென்று இருந்தது, ஆனால் பாடிக்கொண்டிருந்தது. சற்று முன் மேடையில் அசைந்த வாயும் இந்தக் குரலும் ஒன்று என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் சபையைச் சேர்ந்தவர் இல்லை, எதை மறைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திரும்பி வந்து கேக்கை அடுக்கிக்கொண்டே அவளிடம் சொன்னார்.

"என்னம்மா, நீங்க இங்க பாடுறீங்க, சத்தம் என் கடையில வருது."

அவள் சிரித்தாள். "கல்யாண வீட்டுல கேலி பண்ண நான்தான் கெடச்சேனா?"

"நெஜமாத்தான். இங்க உங்க வாய்தான் அசையுது, சத்தமே வரலை. மைக்கு கெட்டுப்போச்சாக்கும்னு நெனச்சேன். அங்க போனா அடுப்புல நீங்கதான். பிப்ரவரிலருந்து ஞாயித்துக்கிழமையானா இந்தக் குரல்தான். யாருதுன்னே தெரியாம இருந்தோம். ரொம்ப நல்லா இருக்கும்மா."

அவள் ஹாலின் பின்பக்கம் பார்த்தாள். மகன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி முடித்ததை அவிழ்த்து மறுபடி சுற்றினான். அவள் கேக்கை வாங்கி, வந்தவர்களுக்குக் கொடுத்தாள், மகளைக் கட்டிப்பிடித்து வண்டி ஏற்றி அனுப்பினாள். அன்றைக்கு யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரி, சீட்டை இரண்டு முறை படிக்காமல் டப்பாவைத் தொட மாட்டாள்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் பாட்டின் நடுவில் அவள் வேண்டுமென்றே ஒரு வரி முழுக்க வாயை மூடிக்கொண்டாள். சர்ச்சில் ஒரு தலை திரும்பவில்லை. பக்கத்திலேயே நின்று கையசைத்துத் தாளம் போட்ட புருஷனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எதிர்ப்பக்கம் அடுப்பு அந்த ஒரு வரியை விட்டுவிட்டது. பன் தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்கள். "என்னாச்சு பாப்பாவுக்கு, உடம்பு சரியில்லையா?" என்றார் தபால்காரர். இதை ரொட்டிக்கடைக்காரர் மறுநாள் இருமல் மருந்து வாங்க வந்தபோது அவளிடம் சொன்னார். அவள் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள், கண் மட்டும் நிறைந்தது. ஊர் பொய்யாகப் புகழ்ந்ததுகூட அவளுக்குப் பெரிதில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுத்தது ஊரான் இல்லையே. பெற்ற பிள்ளையின் விரல், கட்டியவனின் தலையசைப்பு.

அதற்குப் பிறகு அவள் செய்தது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு ஞாயிறும் வீடு திரும்பும்போது காரில், "இன்னைக்கு எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். யாராவது ஒருவர் உண்மையைச் சொல்லிவிட மாட்டார்களா என்பதுதான் அவளுக்கு அந்த மாதங்களில் இருந்த ஒரே வேண்டுதல். சொன்னால் மன்னித்துவிடுவதாக முடிவும் செய்திருந்தாள். "பிரமாதம்" என்றார் வாத்தியார். "அருமைம்மா" என்றான் மகன். அடுத்த வாரம் மறுபடி கேட்டாள், மறுபடி பிரமாதம். நவம்பரில் எல்லாச் சபைகளும் கூடிய இசைவிழாவில் அவர்கள் குடும்பத்துக்குக் கேடயம் கிடைத்தது. போட்டோவில் நடுவில் நின்று கேடயத்தைப் பிடித்திருப்பவள் அவள்தான்.

கிறிஸ்துமஸ் தனிப்பாட்டு வருஷா வருஷம் அவளுடையது. கொடுக்காவிட்டால் சந்தேகப்படுவாள், கொடுத்தால் யார் பாடுவது? விடுமுறைக்கு வந்த மகளைத் தூணுக்குப் பின்னால் ஒரு மைக்கோடு நிறுத்தினார்கள். அம்மா முன்னால் நின்று பாடினாள். பின்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது மகளுடைய குரல். தன் வாயிலிருந்து தன் பிள்ளை பாடுவதை அவள் கடைசி அடி வரைக்கும் கேட்டு, முடிந்ததும் தலை வணங்கினாள். ஜனங்கள் அழுதார்கள். எதிர்ப்பக்கம் அடுப்பு பாடப் பாட ஒரு தட்டு பன் கருகிப்போனது, எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

காரில் அவள் கேட்டாள். "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

வாத்தியார் வாயைத் திறந்தார். அதற்குள் ஓட்டிக்கொண்டிருந்த மகன் வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டான். "அம்மா, உன் மைக்க நான் ஆஃப் பண்ணித்தான் வெச்சிருக்கேன். வருஷம் பூரா."

"தெரியும்டா. அக்கா கல்யாணத்துலருந்து தெரியும்."

"தெரிஞ்சுமா பாடின?"

"அந்தக் கடையில கேக்குறாங்களே" என்றாள். மகள் பின்சீட்டில் சத்தமாக அழுதாள். அவளுக்கு அம்மா கைக்குட்டை கொடுத்தாள், ஆனால் தோளைத் தொடவில்லை. நான்கு மாதம் திறந்து வைத்திருந்த மன்னிப்பு ஆகஸ்டிலேயே கேட்டிருந்தால் மலிவாகக் கிடைத்திருக்கும்.

புது வருஷத்தின் முதல் ஞாயிறு மகன் அவளுடைய மைக்கை முழுக்க ஏற்றினான். ஒன்றும் வரவில்லை. ஒயரை மாற்றினான், வெளியூரிலிருந்து புது மைக் கொண்டு வந்தான், மைக்கில்லாமல் ஹாலை அமைதியாக்கிப் பாடச் சொன்னார்கள். பேசினால் கேட்டது, பாடினால் உதடு அசைந்ததோடு சரி. வீட்டிலும் அப்படியே. பாத்திரம் தேய்த்தபடி அவள் முணுமுணுப்பாள், சமையலறையில் குழாய்ச் சத்தம் மட்டும் இருக்கும். எதிர்ப்பக்கம் அடுப்பு நேரம் தவறாமல் பாடியது. போதகர் ஜெபித்தார், காது மூக்கு தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இருவரும் கடைசியில் சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அவளும் தன் இடத்தில் வந்து நிற்பதை நிறுத்தவில்லை.

ஒரு ஞாயிறு பூகோள வாத்தியார் பாட்டின் நடுவில் கையை இறக்கி, அங்கியோடு வெளியே நடந்து தெருவைத் தாண்டினார். நேராக அடுப்பின் பக்கம் போகப் பார்த்தவரை ரொட்டிக்கடைக்காரர் நிறுத்தி, "சார், வரிசையில வாங்க" என்றார். நர்ஸுகளுக்கும் லாரிக்காரருக்கும் பின்னால் நின்று, முப்பது வருஷமாகப் பக்கத்தில் நின்று கேட்ட குரலை அவர் முதல் தடவையாகக் காசு கொடுத்து வாங்க வந்தவர் மாதிரி கேட்டார். வீட்டுக்கு ஒரு பொட்டலம் பன்னோடு வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"மேல போற இடத்துல கொஞ்சம் இறங்குதும்மா."

"இறங்கும். இத நீங்க போன ஜனவரியிலயே சொல்லியிருக்கலாம்."

"திரும்ப சர்ச்சுல பாட மாட்டியா?"

"நான் சர்ச்சுலதாங்க பாடிக்கிட்டு இருக்கேன்" என்றாள் அவள், பொட்டலத்தின் நூலை அவிழ்த்தபடி. "கேக்கணும்னா நீங்கதான் ரோட்ட தாண்டணும்."

அதிலிருந்து அவர் ஞாயிறுதோறும் மூன்றாம் பாட்டுக்கு ரோட்டைத் தாண்டுகிறார். மழைக்காலத்தில் குடையோடு வருவார். ரொட்டிக்கடைக்காரர் அவருக்கென்று இடம் எதுவும் ஒதுக்கவில்லை. கூட்டம் அதிகமாக இருந்தால் வாசலுக்கு வெளியே நின்றுதான் கேட்க வேண்டும்.