நூற்றைம்பது வாட் தாராளம்

குடும்பத்தில் பிளக் வைத்த சாமான் எது வாங்கினாலும் ஐயம்பெருமாளைக் கேட்காமல் வாங்கமாட்டார்கள். மிக்சியோ கிரைண்டரோ இஸ்திரிப் பெட்டியோ, அவர் தலையாட்டினால்தான் கடையைவிட்டு வெளியே வரும். மில்லில் இருபது வருஷமாக எலக்ட்ரீஷியன் அல்லவா! அந்தப் பவுசு அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது, தங்கை புருஷன் பூதலிங்கம் கம்ப்யூட்டர் வாங்கப்போவதாக வந்து நிற்கும்வரை.

“அத்தான், உள்ள கரண்டைப் பிரிச்சுக் குடுக்க ஒரு டப்பா உண்டாம்லா. நூத்தம்பது வாட்டும் இருக்கு, எரநூத்தம்பதும் இருக்குங்கான் கடைக்காரன். பெருசு போடணும்னு நிக்கான். நீங்க சொல்லுங்க, எது போடட்டும்?”

ஐயம்பெருமாளுக்கு வயிறு காந்தியது. காந்தாதா பின்னே? காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறவள் அவர் மகள் விஜயஸ்ரீ. ஒரு வருஷமாகக் கேட்கிறாள், அவரால் வாங்கித் தர முடியவில்லை. இவன் பிள்ளையோ மூன்றாம் வகுப்பு, இன்னும் மூக்கைச் சிந்தத் தெரியாது. அதற்குள் கம்ப்யூட்டராம், சிடி டிரைவாம், ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு இரண்டாம்!

எந்தச் சாமான் எத்தனை வாட் இழுக்கும் என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பூதலிங்கம் நீட்டினான். ஐயம்பெருமாள் மனசுக்குள் கூட்டினார். நூற்றைம்பதைத் தாண்டி எங்கேயோ போயிற்று. சின்ன டப்பா தாங்காது என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

“நூத்தம்பது தாராளம் மாப்ளே. அவன் யாவாரத்துக்குச் சொல்லுதான்,” என்றார்.

கம்ப்யூட்டர் பூதலிங்கத்தின் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்தது. சிடியைப் போட்டதும் பொசுக்கென்று அணைந்தது. ஐயம்பெருமாள் டவுணில் இருந்த தன் வீட்டிலிருந்து இரண்டு தடவை பஸ் ஏறிப் போனார். டெஸ்டரை அங்கே வைத்து இங்கே வைத்து, “மிஷின்ல ஒண்ணுமில்ல. ஒங்க தெருவுல வோல்டேஜ் சரியில்ல. எங்க வீட்டுல கரண்டு கல்லு மாதிரி நிக்கும்,” என்று ஒரே போடாகப் போட்டார். திரும்பி வருகையில் மனசு குளுகுளுவென்றிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வாசலில் ஓர் ஆட்டோ. மானிட்டரைக் கட்டிப்பிடித்தபடி பூதலிங்கம் இறங்கினான்.

“ஒங்க வீட்டுலதான் கரண்டு நிக்கும்னு சொன்னியள்லா அத்தான். இங்கனயே இருக்கட்டும். எம் பயலுக்கு என்ன அவசரம்? விஜிக்குத்தான் படிக்க வேணும்.”

விஜயஸ்ரீக்குத் தலைகால் புரியவில்லை. அவளே வயரெல்லாம் மாட்டி சிடியைப் போட்டாள். அணைந்தது. மறுபடியும் போட்டாள், மறுபடியும் அணைந்தது. பின்பக்கம் குனிந்து டப்பாவில் ஒட்டியிருந்ததைப் படித்தாள்.

“இவ்வளவையும் மாட்டிட்டு நூத்தம்பது வாட்டா! இது போதும்னு எந்த மடையன் சொன்னான் மாமா?”

ஐயம்பெருமாள் டெஸ்டரைத் தேடுவதுபோலச் சட்டைப்பையைத் துழாவினார். பூதலிங்கம் அவர் முகத்தைப் பார்த்தான். எல்லாம் விளங்கிவிட்டது அவனுக்கு.

“நாந்தான் பிள்ளே அந்த மடையன்,” என்று சிரித்தான். “ஒங்கப்பா பெருசத்தான் போடச் சொன்னாவ. நாந்தான் கஞ்சத்தனம் பண்ணிட்டேன்.”

“எங்கப்பா பேச்சைக் கேட்டிருக்கலாம்லா மாமா!” என்று மகள் பெருமையோடு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் முகத்தைப் பார்க்க ஐயம்பெருமாளால் முடியவில்லை. செத்துத் தொலையலாம் போலிருந்தது. அப்போதும் பாருங்கள், அந்தப் பாவி மனுஷனுக்குப் பொறாமைதான் பொங்கிக்கொண்டு வந்தது. இந்தப் பெரிய மனசும் இவனுக்கே வாய்த்துவிட்டதே என்று.